திண்டுக்கல் போலீஸ் கம்ப்யூட்டரில் என் மகன் பெயர்

2007, ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் மகன் சவரிமுத்துவுக்குத் துபாயில் வெல்டர் வேலை வந்திருந்தது. வெள்ளிக்குள் போலீஸ் நற்சான்று கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். திங்களன்று தனியாகப் போனவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். பழைய கேஸ்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் தட்டினால் கேஸ் வந்து நிற்குமாம். இவன்மேல் திருட்டுக் கேஸ் நிற்கிறதாம்! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாடிக்கொம்பில் காலை 8.20க்கு டவுன் பஸ். எட்டு கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரூபாய். 8.50க்குத் திண்டுக்கல். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர், "அம்பது ரூவா ஆத்தா" என்றார்.

"போன ஐப்பசி மழையில இதே தூரத்துக்கு எங்கிட்ட நாப்பது புடுங்குனது நீதானப்பு? வண்டி நம்பரைச் சொல்லவா?"

"ஏறு ஆத்தா, இருபத்தஞ்சு குடு" என்று சிரித்துவிட்டார்.

போலீஸ் அலுவலகம் பத்து மணிக்குத் திறந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது, தூசி ஆகாதாம். உள்ளே ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தாள்.

"கம்ப்யூட்டர் தப்பாக் காட்டாது பாட்டி. சவரிமுத்து, அப்பா அந்தோணி, உங்க ஊரு, உங்க தெரு. எல்லாம் ஒத்துப்போகுது."

"எம்மா, நீ செத்த நேரம் சும்மா இரு" என்று மகன் சேலையை இழுத்தான்.

எங்கள் ஊரில் தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்போம். அதனால் எங்கள் தெருவில் மட்டும் அந்தோணி மகன் சவரிமுத்து நாலு பேர். மாமரத்து வீடு, சுருட்டு வீடு என்று வீட்டைச் சொல்லித்தான் ஆளைப் பிரிப்போம். அதைக் கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?

"என்னத்தைத் திருடுனானாம்?"

"ஆடு. தொண்ணூத்தெட்டுல."

எனக்குச் சுருக்கென்றது. "செவலை ஆடா? ஒரு கொம்பு ஒடஞ்சதா?"

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது என் ஆடு தாயீ! கேசு குடுத்ததே நான்தான். ஈஸ்டர் முடிஞ்சு மூணாம் நாளு, பட்டப்பகல்ல ஓட்டிட்டுப் போனான் அந்தச் சுருட்டு வீட்டுச் சவரிமுத்துப் பய. எம்மவன் திருடியிருந்தா அவன் காதைத் திருக எனக்குத் தெரியாதா? ஸ்டேஷனுக்கு எதுக்கு வாரேன்?"

பழைய ஃபைலை எடுத்துவந்தார்கள். புகார் கொடுத்தவர் இடத்தில் என் பெயர், அடியில் என் கோணல் கையெழுத்து. திருடனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. பள்ளிச் சான்றிதழின்படி என் மகனுக்குப் பதினாறு. வயதை யாரும் ஒத்துப் பார்க்கவேயில்லை! அறை முழுக்கச் சிரிப்பு. மகனும் அப்போதுதான் சிரித்தான்.

"ஆளு இன்னும் சிக்கலை. பழைய கேசு, சமாதானம்னு எழுதித் தாங்களேன் பாட்டி, முடிச்சிரலாம்" என்றாள் பெண் போலீஸ்.

"அது மட்டும் ஆகாது. சுருட்டு வீடுன்னு சேர்த்து ஏத்து. வயசையும் போடு."

ஏற்றினாள். 1.10க்கு நற்சான்று கைக்கு வந்தது. மறுநாளே சென்னையில் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுக்கு அனுப்பினோம். ஆடியில் அவன் விமானம் ஏறினான்.

நீங்கள் போனால் பள்ளிச் சான்றிதழைக் கட்டாயம் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை கூட்டம், வேண்டாம். கம்ப்யூட்டர் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு வராதீர்கள். கேஸ் கொடுத்தது யார், அப்போது அவனுக்கு வயது என்ன என்று கேளுங்கள். மற்றபடி அந்தக் கம்ப்யூட்டர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்பது வருடமாக அந்த ஆட்டை நான் ஒருத்திதான் மறக்காமல் இருந்தேன். இப்போது துணைக்கு அதுவும் இருக்கிறது.