கடைசி ஆளின் கால்

ஆய்வுப் பண்ணையில் என் அக்காவுக்கு எல்லோரும் வைத்த பெயர் பிரஷ்ஷக்கா. பதினோரு வருஷம் கம்பி வேலி வாசலின் உள்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, வயலை விட்டு வெளியே வருகிற ஒவ்வொருவர் காலையும் பிரஷ்ஷால் தட்டியவள். உள்ளே இருந்தது பார்லி. மாடு தின்றால் நன்றாகச் செரிக்க வேண்டும் என்று அதன் மரபணுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் வெட்டித் திருத்தியிருந்தார்கள். சோதனை முடியும்வரை ஒரு தானிய மணிகூட வேலியைத் தாண்டக் கூடாது. பார்லிக் கதிரின் மீசை இருக்கிறதே, அது மணியோடு சாக்ஸில் ஏறினால் லேசில் விடாது.

அவளிடம் யார் பாச்சாவும் பலிக்காது. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர், "நான் ஓரமாத்தான்மா நின்னேன்" என்று நழுவப் பார்த்தார். "ஓரத்துலயும் பார்லிதான் சார் நிக்குது. காலைத் தூக்குங்க" என்றாள். மனிதர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். நாங்கள் டிராக்டருக்குப் பின்னால் போய்ச் சிரித்தோம்.

சரி, தட்டுகிறவளின் காலை யார் தட்டுவது? அதற்கும் விதி இருந்தது. கடைசிக்கு முந்தி வெளியே வந்தவர் தட்டிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் நான்தான், டிராக்டர் ஓட்டுபவன். முதல் வருஷம் ஒழுங்காகத் தட்டினேன். அப்புறம்? "நீயே தட்டிக்கோக்கா, பசி உயிர் போகுது" என்று தாளில் கிறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஊருக்கெல்லாம் கறாராக இருந்தவள் தம்பி விஷயத்தில் மட்டும் திட்டிவிட்டு விட்டுவிடுவாள். தன் குதிகாலுக்குப் பின்னால் ஒட்டியிருப்பது யார் கண்ணுக்குத்தான் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உடனே வரச் சொன்னாள். அவள் வீட்டுக்குப் பின்னால், சாக்ஸை உதறித் துவைக்கிற கல்லின் ஓரத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒற்றைச் செடி. கதிரும் விட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வேறு யாரும் பார்லி போடுவதில்லை.

"பிடுங்கி அடுப்புல போடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"சோதனையையே நிறுத்திடுவாங்க. உன் வேலையும் போயிடும். மாமா போனப்புறம் உனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"அதான்டா பயமா இருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே கதிரின் மேல் காகிதப் பையைக் கவிழ்த்துக் கட்டினாள். பிறகு பண்ணைக்குப் போன் செய்தாள்.

செடி எங்கள் வயலுடையதுதான் என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. சோதனை நின்றது. விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் என் கையெழுத்துத் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. நான் சுவரோரம் நின்றேன்.

"தினமும் உங்க தம்பி தட்டினதா கையெழுத்து இருக்கே. அப்புறம் எப்படிம்மா வெளியே போச்சு?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் தட்டினான் சார். தினமும் தட்டினான். ஒருநாள் அளவு நாடாவை விட்டுட்டேன்னு நான்தான் மறுபடி உள்ளே போனேன். வரும்போது தட்டிக்கலை. தப்பு என்னோடதுதான்."

அவள் ஒருநாளும் மறுபடி உள்ளே போனதில்லை. அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். வாயைத் திறக்க வேண்டியவன் நான். என் பிள்ளைகள், என் வேலை என்று மனசுக்குள் சாக்கு தேடிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன், கேடுகெட்டவன். அன்று மதியமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, "முடி தேஞ்சு போச்சு. புதுசு கேட்டு வாங்கு" என்றாள்.

இரண்டு வருஷம் வயல் சும்மா கிடந்தது. இப்போது மறுபடி பார்லி போட்டிருக்கிறார்கள். வாசலில் அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பது நான். எல்லோரும் போன பிறகு காவலாளியைக் கூப்பிட்டுக் காலை நீட்டுகிறேன். "உங்களுக்கு எதுக்குண்ணே?" என்று அவர் சலித்துக்கொள்வார். விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போவேன். கதவைத் திறந்ததும் முதலில் என் காலைத்தான் பார்ப்பாள்.

"யாருடா தட்டுறது?"

"காவலாளிக்கா."

"தினமுமா?"

"தினமும்."

என் முகத்தைச் சற்று நேரம் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் உள்ளே வா என்பாள்.