மழைக்கு நன்றி சொன்ன ஞாயிறு

பெரியவளே, சபையில் திடப்படுத்தல் எடுக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஜெபம் பண்ணும்போது மேலே கேட்கிறார்களா என்று சந்தேகம் வருகிறது, இந்த மனசோடு சபைக்கு முன்னால் விசுவாசிக்கிறேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்றாயாம். உன்னோடு வாதாட எனக்குப் படிப்புப் போதாது. உன் அப்பா நாலாம் வகுப்போடு நின்றவன். நடந்த ஒன்றை எழுதுகிறேன், தம்பி தங்கைகளுக்கும் வாசித்துக் காட்டு.

நீ கைப்பிள்ளையாக இருந்தாய். சமஸ்தான காலம், யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. திருவரங்குளத்துக்குக் கிழக்கே நம் ஊரில் இருபது வீடுதான் கிறிஸ்து வேதக்காரர்கள். கோயில் என்றால் கீற்றுக் கொட்டகை. ஞாயிறு ஆராதனையை உபதேசியார் நடத்துவார். அவருக்கு முடியாமல் போனால் சபையில் ஒருவர் எழுந்து ஜெபம் பண்ண வேண்டும். என் முறை வந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த நாட்களில் என் ஜெபம். நீ இப்போது சொல்வதுதான் எனக்கும் இருந்தது. மற்றவர்கள் கண்ணை மூடினால் ஏதோ தெரிகிறது, எனக்கு மட்டும் இருட்டாக இருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம்.

அதனால் ஒரு வழி செய்தேன். உபதேசியாரின் நீள ஜெபத்தை வாரம் கொஞ்சமாகக் காதில் பிடித்துப் பாடம் பண்ணினேன். கிணற்றடியில் கமலை இறைக்கும்போது மாடுகளிடம் சொல்லிப் பார்ப்பேன். நாளடைவில் ஆமென் என்றதும் மாடுகள் தாமே நின்றுவிடும்.

நான் பாடம் பண்ணியது கார்த்திகையில். முறை வந்தது அடுத்த புரட்டாசியில். அந்த வருஷம் மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்தது. உபதேசியார் காய்ச்சலில் படுத்துவிட, என்னை எழுப்பிவிட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்தேன்.

"காலத்திலே மழையைத் தந்து, எங்கள் கண்மாயைக் கரைபுரள நிரப்பின தயவுக்காக ஸ்தோத்திரம்..."

பழக்கத்தில் நாலு பேர் ஆமென் என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, எனக்கு அயித்தை முறையாகும் ஒருத்தி கேட்டாள்:

"எங்கிட்டு மாப்புள பேஞ்சுச்சு? சொன்னா கொடத்தத் தூக்கிட்டுப் போவோம்ல."

கொட்டகையே சிரித்தது. பாடம் முழுக்க எனக்கு அழிந்து போனது. உட்காரவும் வழியில்லை, ஜெபத்தை முடிக்காமல் யாரும் உட்கார்ந்ததில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, மழை இல்ல. நீங்க கேக்குறீங்களான்னு எனக்குத் தெரியல. ரொம்ப நாளாவே தெரியல. ஒங்கள விட்டா வேற எங்கிட்டுப் போயி நிக்கிறதுன்னும் தெரியல. ஆமென்."

சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து எல்லாரும் ஆமென் என்றார்கள். அயித்தையின் குரல்தான் உரக்கக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில், அம்மா உன்னை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சு. பின்பாதி" என்றாள்.

மறுநாள் உபதேசியாரைப் பார்க்கப் போனேன். இப்படிப்பட்டவன் இனிமேல் சபைக்கு முன் நிற்பது சரியில்லை என்று சொன்னேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அப்பப்ப வாரதுதாங்க. வாய்விட்டுச் சொல்லத்தான் இத்தன வருசமா தைரியம் வரல. அடுத்த வாரமும் நீங்களே பண்ணிருங்க. எனக்கு இன்னும் காய்ச்ச விடல."

அந்த வாரம் மழை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆனால் எனக்குப் பயம் விட்டுப் போயிற்று. சந்தேகம் போகவில்லை, இன்றைக்கும் சில நாள் வரும். வந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிடுகிறேன். அதன்பின் வேலையைப் பார்க்க முடிகிறது. ஐப்பசிக் கடைசியில் மழை கொட்டியது. பாடம் பண்ணியதைச் சொல்ல ஆசையாக எழுந்தேன், பாதிக்குமேல் வரவில்லை. மாடுகளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

திடப்படுத்தலில் குருவானவர், விசுவாசிக்கிறாயா என்று கேட்கும்போது உனக்கு எவ்வளவு உண்மையோ அவ்வளவு சொல். தெரியாததைத் தெரியாது என்றே ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டு முழங்கால் போடு. அம்மா வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். நான் வழக்கம்போலப் பின்வரிசையில் இருப்பேன்.