மாவு மாதிரி மூடிய கை

"கையை எடுங்க அண்ணி! மறுபடியும் சொறியறீங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் ஒரே தாவலில் வந்து மாவக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி சொறிஞ்சேன்? சும்மா தடவிப் பாத்தேன்."

"நகத்தாலயா?"

பேக்கரியில் மாவு பிசைகிறவள் என்பதால் அவள் எல்லோருக்கும் மாவக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூடான தட்டு ஒன்று சரிந்து இடது முன்கையைப் பொசுக்கிவிட்டது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான். அனல் முகத்தில் அடித்தாலும், சட்டைக் கை மாவில் புரண்டாலும், மடித்துவிட மாட்டாள். இத்தனை வருஷம் கழித்து ஒரு துணிச்சல் வந்து, போன வாரம் தழும்பின் மேலேயே ஓர் இலைக்கொடியைப் பச்சை குத்திக்கொண்டாள். ஆறியதும் அரைக்கைச் சட்டை போடுவதாகத் திட்டம்.

இப்போது இலைகளுக்கு நடுவே சிவப்பாகப் பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது.

"கொடியில காய் பிடிச்சிருக்கு அண்ணி."

மாவக்கா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது பாழானால் தழும்போடு சேர்த்து இதையும் மறைக்க வேண்டும்.

இருவரும் பச்சை குத்திய கடைக்கே கிளம்பினார்கள். பச்சை குத்தும் பெண்ணுக்குத் தெருவில் குண்டூசி என்று பெயர், ஆளும் அப்படித்தான். விளக்கை இழுத்து, தொடாமலே பார்த்தாள்.

"என்னக்கா போட்டீங்க?"

"நீ குடுத்த களிம்புதான்."

"எவ்வளவு?"

ரொட்டியில் வெண்ணெய் பூசுவதுபோல மாவக்கா காற்றில் பூசிக் காட்டினாள்.

"அதுக்கு மேல?"

"மாவு மூடற பிளாஸ்டிக். காஞ்சு வெடிச்சிடக் கூடாதேன்னு நல்லா இறுக்கிச் சுத்தினேன். கை ஆறற வரைக்கும் மாவைத் தொடாதன்னு பேக்கரியில என்னைப் பொட்டலம் கட்ட விட்டிருக்காங்க. வெதுவெதுப்பா இருக்கட்டும்னு அடுப்பை ஒட்டியே உக்காந்துக்கிட்டேன்."

"உப்பி வரட்டும்னு காத்திருந்தீங்களா?" என்றாள் நாத்தனார்.

குண்டூசி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, இது தோல். வேர்வைக்கு வெளிய வர வழியே விடலையே நீங்க. அதான் பொரிஞ்சிருக்கு."

"மை போயிடுமா?"

"சொறிஞ்சாத்தான் போகும். காரமில்லாத சோப்புல கழுவுங்க, ஒத்தி எடுங்க. களிம்பு பூசினதே தெரியக் கூடாது. சிவப்பு பரவினாலோ, சீழ் வச்சாலோ, காய்ச்சல் அடிச்சாலோ என்கிட்ட வராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க." பிறகு சட்டையைப் பார்த்தாள். "இந்த முழுக்கையும் வேணாம். உரசும். திறந்து விடுங்க."

"ஆறினப்புறம்தானே?"

"இப்பவே."

மாவக்கா நாத்தனாரைப் பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தழும்பும் தெரியும், பொரியும் தெரியும், பாதி உரிந்த இலையும் தெரியும்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மெல்ல மடித்துவிட்டாள். தெருவில் கூட்டம். நாத்தனார் இடது பக்கம் வந்து, பையை மார்போடு அணைத்தபடி மறைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு தெருமுனை வரை அப்படியே போனார்கள்.

"நீ இந்தப் பக்கம் வாடி," என்றாள் மாவக்கா. "காத்து வரலை."

மறுநாள் நாத்தனாரின் அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். தோளில் இறுக்கிப் பிடித்தது. பொட்டலம் கட்டும் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரொட்டி அடுக்குகிறவர் கையைப் பார்த்தார், பிறகு நூல்கண்டு கேட்டார். மதியம் கையைக் கழுவி ஒத்தியெடுத்தாள். அரிப்பு இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் சில பொரிகள் வாடியிருந்தன. முழங்கைப் பக்கம் அப்படியே இருந்தன. சாயங்காலம் மழை தூறியது. பேக்கரியில் யாரோ விட்டுப்போன குடையை எடுத்து, இடது கை நனையாமல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.