காலி என்று அழித்தது

மென்பொருள் வேலை என்றால் தினமும் புதிதாக எதையோ எழுதுகிறோம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி நேரம் பிறர் எழுதிவிட்டுப் போனதைக் கூட்டிப் பெருக்குகிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

பரண்

தி.நகரில் எங்கள் அலுவலகம். அடையாறில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள்தான் மென்பொருள். அதன் நிரலை ஓட்டாமலே, படித்தே குறை சொல்லும் கருவி ஒன்றை ஏவிவிட்டேன். கிளாஸ் என்று நாங்கள் சொல்லும், பெயரிட்ட நிரல் துண்டுகளில் உள்ளே ஒரு வரிகூட இல்லாதவை பதினேழு என்று பட்டியல் வந்தது. பெயர் மட்டும் வைத்துவிட்டு, எழுத வந்தவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள் போல.

பக்கத்து மேசை கல்யாணி, மயிலாப்பூர்க்காரி, எட்டிப் பார்த்துச் சிரித்தாள்: "எங்காத்துப் பரண்லயும் இதே கதைதான். காலி டப்பாவுக்கெல்லாம் மூடி போட்டு அடுக்கி வெச்சுண்டிருக்கோம்."

பச்சை விளக்கு

பதினேழையும் அழித்தேன். மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. எனக்கு ஏக பெருமை.

மறுநாள் காலை பரிசோதனை நிலையத்தின் கவுன்ட்டரிலிருந்து செல்வி போன் செய்தார். ஒரு பெரியவருக்குப் பதினோரு மணிக்கு ஆபரேஷன். ரத்த ரிப்போர்ட் வந்தால்தான் உள்ளே அழைத்துப்போவார்களாம். "இன்னா சார், அவசரம்னு அமுக்கினாலும் வரிசையில கடைசியாவே கீது? அவர் பொண்ணு எதிர்லயே அழுதுகினு நிக்குது, நான் இன்னா பதில் சொல்றது?"

கருவி படிக்காத கோப்பு

அந்த ரத்தத்தைக் கையோடு முதலில் எடுத்துப்போகச் சொல்லிவிட்டுத் தேடினேன். அழித்ததில் ஒன்றின் பெயர் 'அவசரம்'. அதற்குள் எதுவும் தேவையே இல்லை. அந்தப் பெயர் இருந்தாலே ரத்த மாதிரி வரிசையில் முன்னால் போகும். அந்தப் பெயரைக் கூப்பிடுவது, எது எப்படி நடக்க வேண்டும் என்று நிரலுக்கு வெளியே தனியாகக் குறித்துவைத்திருக்கும் அமைப்புக் கோப்பு. கருவி நிரலை மட்டும்தான் படிக்கும். அந்தக் கோப்பை நானும் படிக்கவில்லை. பெயர் கிடைக்காததால் மென்பொருள் சத்தமே போடாமல் எல்லாரையும் சாதாரண வரிசையில் நிறுத்திவிட்டது.

கிளாஸைத் திரும்ப வைத்து, ஏன் காலியாக இருக்கிறது என்று மேலே இரண்டு வரி எழுதினேன். ரிப்போர்ட் பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் நேரிலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததைச் சொன்னதும், கூட்டம் நின்றுகொண்டிருந்த அறையில் யாரும் உட்காராத ஒரே நாற்காலியைச் செல்வி காட்டினார்: "காலியா இருந்தா தூக்கிடுவீங்களா சார்? மயக்கமா வர்றவங்களுக்குன்னுதான் அதைக் காலியா வெச்சிக்கினு கீறோம்."

இப்போதும் அந்தக் கருவியை ஓட்டுகிறேன். எதையாவது அழிப்பதற்கு முன்னால் மட்டும் செல்விக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன்.