அந்தோணியண்ணன் பிரித்துப் பார்த்த தையல்

செய்தி வந்தபோது நான் தென்னை மரத்தின் மேல் இருந்தேன். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு தோப்பு, காலை பத்து மணி இருக்கும். கீழே நின்றிருந்த என் தம்பி செல்வம் போனில் யாரிடமோ பேசிவிட்டு அண்ணாந்து பார்த்தான். "அண்ணா, எறங்கி வா. வந்தப்புறம் சொல்றன்" என்றான். என்னடா என்று இரண்டு முறை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. இறங்குவதற்குள் அம்மா, மனைவி, மகள் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டே இறங்கினேன். தரையில் நின்ற பிறகுதான், அந்தோணியண்ணன் போய்விட்டார் என்றான்.

மரத்தில் இருப்பவனிடம் நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது என்று மரமேறும் எங்கள் ஆறு பேருக்கும் சட்டம் போட்டவரே அவர்தான். சூரமங்கலத்துக்காரர். தேங்காய் வெட்டுக்கு ராசிபுரத்திலிருந்து குமாரபாளையம் வரை எங்களோடு ஒரே வண்டியில் வந்தவர். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, "எந்த மரத்துலருந்துங்க?" என்பதுதான். கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்ததாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர்களில் அவரை அறிந்தவர்களுக்கு, பெல்ட் எங்கே அறுந்துவிடுமோ என்கிற அவருடைய பயமும் தெரியும். உச்சியில் இரண்டு கைகளையும் விட்டுத்தான் குலையை வெட்ட வேண்டும். அப்போது இடுப்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பெல்ட்தான் உயிர். அதனால் ஆயுத பூஜையில் அரிவாளுக்கு முன்னால் பெல்ட்டுக்குப் பொட்டு வைப்போம். கொக்கி தைத்த இடம்தான் அதற்கு முகம் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். பழைய பொட்டை அழிக்க மாட்டோம். அதன் மேலேயே அடுத்த வருடப் பொட்டு. விழாமல் காப்பாற்றிய பெல்ட் ராசியானது, அதை எவனும் தூக்கிப் போட மாட்டான்.

ஒரு வருடம் பூஜை முடிந்து வேலைக்குப் போன அன்று, என்னைக் கேட்காமலே என் பெல்ட்டை எடுத்துத் தோட்டத்துத் தொட்டியில் முக்கித் தேய்த்தார். சந்தனமும் குங்குமமும் கரைந்து ஓடின. அந்த இடத்தை மடக்கிப் பார்த்தார். நூல் தவிடாக உதிர்ந்தது. அரிவாளால் பெல்ட்டை இரண்டாக வெட்டிப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், எங்கள் சாமி பொட்டை அழிக்க மாதா கோவிலுக்குப் போகிற நீங்கள் யார் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பொட்டு இருக்கோணும்னா பெல்ட்ட சாமி ரூம்பிலயே வெச்சுக்க சாமி. மரத்துக்குக் கொண்டாராத."

அதன் பிறகு மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் பெல்ட்டிலும் அதே கொக்கி முனையில் ஒரு துணி உறை உண்டு. உள்ளே மாதா பதக்கம். அவர் மனைவி திரேசாக்கா தன் கையால் தைத்தது. நான் பேசாமலிருந்த அந்த நாட்களில் ஒரு நாள், குமாரபாளையத்தில் ஆற்றோரத் தோப்பில் அவர் நாலு எட்டு ஏறியிருப்பார். அவர் காதில் விழ வேண்டும் என்றே செல்வத்திடம் சொன்னேன்: எங்களுடையதுதான் அழுக்காம், மாதாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அண்ணன் நின்றார். இறங்கினார். பிளேடு வாங்கி உறையைப் பிரித்தார். அடியில் மூன்று வரிசைத் தையலில் இரண்டு அறுந்திருந்தன. அக்காவின் தடித்த ஊசி போன வழியெல்லாம் பட்டை கிழிந்திருந்தது. நான் அதில் ஜெயித்துவிட்டேன்தான், ஆனால் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. "கோவத்துலயாச்சும் கேட்டியே, நல்லதாப் போச்சு" என்றார். பிறகு, "திரேசாகிட்டச் சொல்லிப்போடாத சாமி. தாங்க மாட்டா" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் புது பெல்ட்டோடு வந்தார். பழையதை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. உறையை மறுபடி ஒட்டித் தைத்து, வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். ஊரார் பெல்ட்டையெல்லாம் வெட்டியவர் செய்த ஒரே தப்பு அது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட்டு எழுந்தபோது, திரேசாக்கா அந்தப் பழைய பெல்ட்டை எடுத்து வந்து செல்வத்தின் கையில் கொடுத்தார். "உங்க அந்தோணியண்ணன் இதக் கட்டி ஒரு நாளும் கீழ உழுவல. நீ கட்டிக்க சாமி" என்றார். செல்வம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கூட இருந்தவர்கள் ராசியான பெல்ட் என்றார்கள். மறுநாள் அவனுக்கு இருபது மரம். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

பிறகு பெல்ட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழவில்லை.

"தெரிஞ்சப்புறம் அவரு இதுல ஏறுனாரா?"

"இல்லீங்கக்கா. ஒரு மரங்கூட ஏறலீங்க."

"அதுக்கு முன்னால?"

உறை தைத்ததிலிருந்து ஏழு வருடம் அவர் அதில்தான் ஏறியிருந்தார். அக்கா உள்ளே போய்க் கத்தரியோடு வந்தார். பதக்கத்தை வெட்டி எடுத்து என் கையில் வைத்தார். அப்புறம் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டினார். அது கெட்டியான பட்டை, கத்தரிக்கு அடங்கவில்லை. யாரையும் கிட்டே விடாமல் வெட்டி முடித்தார்.

அந்தோணியண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பதக்கமும் அவருடைய பயமும். பதக்கம் என் சட்டைப் பையில் இருக்கிறது. பயத்தோடு தினமும் காலையில் தம்பியின் பெல்ட்டை மடக்கிப் பார்க்கிறேன். கண்ணில் ஒற்றிய பெல்ட்டை எல்லார் முன்னாலும் பிடுங்கிய கோபத்தில் அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசாமல் வந்து, பெல்ட்டை மட்டும் என்னிடம் நீட்டுகிறான்.