பல்லேகமவில் கேட்ட விசில்

இலங்கையில் மாத்தளை மலைகளுக்கு அப்பால், பல்லேகமப் பக்கம் இரண்டு நாள் தங்கி, இருட்டில் கத்தும் பூச்சிகளையும் விலங்குகளையும் சத்தத்தை வைத்தே அடையாளம் காண ஆசைப்படுபவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். என் முதல் பயணத்தையே எழுதிவிடுகிறேன். அதில் வழியும் இருக்கிறது, நான் செய்த பிழையும் இருக்கிறது.

1968 ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. உக்குவளையில் நான் விஞ்ஞான வாத்தியார், வயது இருபத்தாறு. என் ராத்தாவை (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பல்லேகமவில் கடை வைத்திருந்த ஹனீபா மச்சானுக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மச்சான் கடிதம் போட்டிருந்தார்: "பொழுதுபட்டா வீட்டுக்குப் பின்னால யாரோ விசிலடிக்கிறாங்க. போய்ப் பார்த்தா ஆளில்ல. உங்க ராத்தா ஏதோ பூச்சின்னு சொல்றா. நீங்க படிச்சவர், வந்து பார்த்துச் சொல்லுங்க." பூச்சியைப் பற்றிய கடிதம் அல்ல அது என்று வாசித்ததும் புரிந்துவிட்டது. நான் சொல்லப்போகும் பதிலில்தான் ராத்தாவின் மானம் இருந்தது.

உக்குவளையில் காலை 6.20 ரயில், மாத்தளைக்கு இருபது சதம். அங்கிருந்து ரத்தோட்டைக்கு எட்டு மைல், பஸ்ஸில் முப்பத்தைந்து சதம். பிறகு மச்சானின் கடைக்குச் சாமான் கொண்டுபோகும் லொறி. மலை ஏறி இறங்க இருபத்தெட்டு மைல், ஐந்து மணி நேரம், டிரைவர் பண்டாவுக்கு இரண்டு ரூபாய். வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். பண்டா நல்ல தமிழில் காட்டு மிருகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். படித்தவன் அல்லவா நான், "ம்" கொட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அன்று மாலை குறிப்பெழுதக் கொப்பியும் டோர்ச்சுமாக மச்சான் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தேன். 6.10க்குச் சில்வண்டு ஆரம்பித்தது, காதுக்குள் ஊசி ஏற்றுகிற சத்தம். ஆறே முக்காலுக்கு அது ஓய்ந்ததும் ஓடைக்கரை ஈரமண்ணில் பிள்ளைப்பூச்சி, மூச்சு விடாத ஒரே இழுப்பு. கிணற்றடியில் மரத்தவளை, டொக் டொக்கென்று. வேலிக்கு அப்பால் கோடாலி விழுவது போல ஒரு சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், அது பக்கி என்கிற பறவை. ஒவ்வொன்றுக்கும் பெயரும் நேரமும் எழுதினேன். ராத்தா தேநீர் வைத்துவிட்டுக் கொப்பியை எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுவ போல" என்று சிரித்தார். விசில் வரவில்லை.

மறுநாள் 7.25க்கு வந்தது. பலாமரத்துப் பக்கமிருந்து மெல்லிய, நீளமான ஒரு விசில். கொஞ்சம் பொறுத்து எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று, பதில் சொல்வது போல. டோர்ச் அடித்துக்கொண்டு ஓடினேன். யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பூச்சியும் அப்படிக் கத்தாது, எந்தப் பறவையும் அப்படிக் கூவாது. எனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

காலையில் மச்சான் கடை திறக்கப் போனதும் ராத்தாவிடம் கேட்டேன். "ராத்தா, யாராவது வாறதா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் சமாளிக்கிறேன்."

ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த மச்சான் என் முகத்தைத்தான் பார்த்தார். "என்ன மச்சான், பூச்சியா?"

"பூச்சியில்ல. பறவையுமில்ல."

அவ்வளவுதான் சொன்னேன். மச்சான் சோற்றைப் பிசைந்தபடியே, "கொஞ்ச நாளைக்கு உம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டும்" என்றார். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. ராத்தா றங்குப்பெட்டியை அடுக்கினார். நாலு மணிக்குப் பண்டாவின் லொறியில் ஏறினோம்.

இலுக்கும்புர தாண்டியதும் என்ஜின் சூடாகி, ஏழு மணி அளவில் பண்டா லொறியை நிறுத்தினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது காட்டுக்குள்ளிருந்து அதே விசில் கேட்டது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு குதித்து இறங்கினேன்.

"யாரது, இந்தக் காட்டுல?"

பண்டா சிரித்தார். "உணஹபுளுவா, மாத்தயா! தேவாங்கு. முந்தாநேத்து வரக்குள்ளயே சொன்னேனே, மனிசன் மாதிரி விசிலடிக்கும்னு." என் டோர்ச்சை வாங்கிக் கிளையில் அடித்தார். இரண்டு சிவந்த கண்கள் அசையாமல் என்னைப் பார்த்தன.

லொறிக்கு ஓடினேன். "ராத்தா, அது தேவாங்கு! ஆளில்ல! வாங்க, இப்பவே திரும்பிப் போய் மச்சான்கிட்டச் சொல்லுவோம்."

ராத்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "தேவாங்காப் போனதால நான் நல்லவளாகிட்டேனா, தம்பி? ஒரு மனிசனே வந்து விசிலடிச்சிருந்தாலும், என் ராத்தா கூப்பிட்டிருக்கமாட்டான்னு நீ சொல்லியிருக்கலாமே."

அன்று ராத்தா திரும்பிப் போகவில்லை. நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்ப, டிசம்பரில் மச்சான் உக்குவளைக்கு வந்து வாப்பாவின் முன்னால் மன்னிப்புக் கேட்டார். ராத்தா அவரோடு போனார், நன்றாகவே வாழ்ந்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் அட்டை அதிகம், கால்களில் சவர்க்காரம் (சோப்பு) பூசிக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். டோர்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டினால் தேவாங்கு அதிகம் மிரளாது. ஊர்க்காரர் ஏதாவது சொன்னால் தூங்காமல் கேளுங்கள். பெயர் தெரியாத சத்தத்துக்கு நேரே 'தெரியாது' என்று எழுதுங்கள், யாராவது கேட்டாலும் அதையே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை அன்று நான் சொல்லியிருந்தால் போதும்.

ராத்தா இப்போதும் பெருநாளுக்கு என் வீட்டுக்கு வருவார், என் பிள்ளைகளைக் கொஞ்சுவார், எனக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டுவருவார். ஆனால் அன்றிலிருந்து தனக்கு ஒரு கஷ்டம் என்று என்னிடம் சொன்னதே இல்லை.