அடித்தள அறையின் காற்று

சங்கரேஸ்வரி பிறந்து வளர்ந்தது தாராவியில். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, செம்பூருக்கு அப்பால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடமாக வேலை பார்த்து வந்தாள். உலோகப் பரப்பின் மேல் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. மெல்லிய ஊசிமுனை ஒன்றைப் பரப்பில் படாமல், அணுவளவு இடைவெளியில் நகர்த்துவார்கள். இடையில் கசியும் மின்சாரத்தை வைத்து அணுக்களின் படம் வரிவரியாகத் திரையில் விழும். மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தாலும் படம் கலங்கும் என்பதால் கருவியை அடித்தளத்தில் வைத்திருந்தார்கள்.

காற்றை வெளியே தள்ள அங்கே ஒரு பெரிய விசிறி உண்டு. அதன் அதிர்வும் படத்தில் தெரிந்தது. "அளக்கும்போது மட்டும் நிறுத்திக்கலாம்" என்று முதலில் சொன்னவள் சங்கரேஸ்வரிதான். ஆனால் கருவியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றும்போது விசிறி ஓடியே ஆகவேண்டும். நைட்ரஜன் ஆவியாகிப் பரவினால் அறையில் ஆக்சிஜன் குறைந்துபோகும். வாடை இல்லை, நிறமில்லை, மூச்சும் முட்டாது. ஆள் சரிந்து விழுந்த பிறகுதான் தெரியும்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் கேன்டீனிலிருந்து இறங்கி வந்தவள், கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். அவளிடம் ஆராய்ச்சி செய்யும் சுஷ்மா, கருவியிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பின் மேல் சாய்ந்து தலை தொங்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நைட்ரஜன் குடுவையைச் சுற்றிக் காற்றின் ஈரம் குளிர்ந்து வெள்ளைப் புகையாய்த் தரையோடு ஊர்ந்தது. விசிறி ஓடவில்லை. காலையில் அளப்பதற்காக அதை நிறுத்தியது தான்தான், திரும்பப் போடவில்லை என்பது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. ஆக்சிஜன் குறைந்தால் அலற வேண்டிய கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது.

ஓடிப்போய்த் தூக்கத்தான் உடம்பு துடித்தது. உள்ளே மூச்சை இழுத்தால் தானும் விழுவோம் என்பது தெரிந்திருந்ததால் கால் நகரவில்லை. வெளிச் சுவரிலிருந்த விசிறி சுவிட்சைத் தட்டினாள். கத்தினாள். காவலர் மன்சூர் அலி ஓடி வந்தார்.

"மேடம், போகாதீங்க! ஃபயர் ஆளுங்க வரட்டும்!"

"அதுவரைக்கும் அவ தாங்கமாட்டா அண்ணே. நான் விழுந்தா இழுங்க. நீங்க மட்டும் உள்ள வரவே கூடாது."

துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். அது எட்டுமா என்றுகூட யோசிக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தாள். சுஷ்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பாதி வழியில் நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள். அப்படி விட்டுவிட்டு வந்ததுதான் பிற்பாடு அவள் கனவில் திரும்பத் திரும்ப வந்தது. மறுபடி மூச்சை நிரப்பிக்கொண்டு போனாள். இந்த முறை வாசல் வரை இழுத்துவிட்டாள். மன்சூர் அலி குனிந்து வாங்கிக்கொண்டார்.

சுஷ்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. படிக்கட்டில் கிடத்தி முகத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் அவள் இருமினாள்.

சுஷ்மா பிழைத்தாள். விசிறியை நிறுத்தியது தான்தான் என்று விசாரணைக் குழுவிடம் சங்கரேஸ்வரி சொன்னாள். எச்சரிக்கையோடு விட்டார்கள். நைட்ரஜன் குடுவைகளை அறைக்கு வெளியே மாற்றினார்கள். ஆக்சிஜன் குறைந்தால் அலறும் புதுக் கருவி வந்தது. விசிறியை யாரும் நிறுத்த முடியாதபடி செய்தார்கள். ஆனால் அவளால் அந்த அறைக்குள் போக முடியவில்லை.

"ஏட்டி, இன்னைக்கும் உள்ள போகலியா?" என்று கேட்டார் கணவர் காளிராஜ்.

"கதவுல கை வச்சதும் நெஞ்ச அடைக்கி."

"அப்ப பாடம் நடத்துத வேலைக்கு மாறிக்க வேண்டியதுதான?"

"நான் மாறிட்டா சுஷ்மா மட்டும்லா அங்க இருப்பா. அத நெனச்சா இன்னும் பயமா இருக்கு."

சுஷ்மா அவளுக்கு முன்பே வேலைக்குத் திரும்பியிருந்தாள். குளிர்காலத்தில் ஒரு நாள் கீழேயிருந்து போன் செய்தாள். "மேடம், படம் இரட்டையா தெரியுது. முனை உடைஞ்சிருக்கா, பரப்பே அப்படியான்னு தெரியல. வந்து பாருங்க ப்ளீஸ்."

சங்கரேஸ்வரி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு இறங்கி, அறைக்குள் நுழைந்தாள். விசிறி இரைந்தது. சுவரில் ஆக்சிஜன் அளவு காட்டும் எண்ணைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பவும் எண்ணைப் பார்த்தாள். முனைதான் உடைந்திருந்தது. மாற்றினார்கள். ஓயாமல் ஓடும் விசிறியின் அதிர்வைக் கழித்துப் படத்தைத் தெளிவாக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கட்டுரை இருவர் பெயரிலும் வந்தது.

பயம் மட்டும் போகவில்லை. முன்பெல்லாம் லோக்கல் ரயிலில் முண்டியடித்து உள்ளே போய் உட்காருபவள், இப்போது வாசலிலேயே நிற்கிறாள். மற்ற பெண்கள், "ஆண்ட்டி, அந்தர் சலோ" என்று உள்ளே போகச் சொல்லித் திட்டுகிறார்கள். அவள் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, காற்றடிக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.